காலித் தட்டின் எடை

வரைபடத்தாளில் முத்துச்செல்விக்கு எல்லாக் கோடும் சுழியிலிருந்துதான் கிளம்பும். அப்படியே வரைந்து வரைந்துதான், தனித்தேர்வராக எழுதிய பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டாள்.

தப்பு அவள் மேல் மட்டும் இல்லை. ஒரகடத்தில் பார்த்த வேலை அப்படி. கார் உதிரிபாகக் கம்பெனியில் திருகுகளை எடைபோட்டு எண்ணித் தர வேண்டும். ஷிஃப்ட் தொடங்கியதும் தராசில் காலித் தட்டை வைத்துப் பொத்தானை அழுத்தினால் திரை பூஜ்யம் காட்டும். அதன்பிறகு திருகு விழ விழ எடை ஏறும். கை பழகியதை மனசும் பிடித்துக்கொண்டது. y வெட்டுத்துண்டு, அதாவது கோடு y அச்சை வெட்டும் இடம் எது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு பூஜ்யம் என்று எழுதிவிடுவாள்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவள். படப்பையில் வாடகை அறை, கூட ரூத். கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவுக்குப் பத்தாவது பாஸானவர்களை மட்டும்தான் எடுப்பார்கள். அங்கே போயே தீருவது என்று முத்துச்செல்வி முடிவு கட்டியிருந்தாள். கணக்கு உனக்கு வராது, விட்டுவிடு என்று சொன்ன ரூத்திடம் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரு காலை, அவசரத்தில் பொத்தானை அழுத்த மறந்தாள். திரை கேட்ட எடையைச் சரியாகத்தான் காட்டியது. ஆனால் வண்டிப் பாகம் பூட்டும் லைனில் திருகு குறைந்தது. ஸ்டோர்ஸ் பார்க்கும் உள்ளூர்க்காரர் கன்னியப்பன் வந்து தட்டைக் கொட்டிக் காலியாக்கித் திரும்பத் தராசில் வைத்தார்.

"இன்னாம்மா, திருகே இல்ல, அப்பவும் வெயிட்டு காட்டுது பாரு. தட்டுக்குன்னு ஒரு எடை கீது இல்ல?"

திட்டு வாங்கியவளின் முகம் மலர்ந்துவிட்டது. திருகின் எண்ணிக்கை x, திரையில் தெரியும் எடை y. x பூஜ்யமான பிறகும் y நிற்கிறது. அந்த நிற்கிற எடைதான் வெட்டுத்துண்டு. இத்தனை நாளும் பொத்தானை அழுத்தி அதை அவளே அழித்துக்கொண்டிருந்தாள். தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

அன்றிலிருந்து எந்தச் சமன்பாட்டைக் கண்டாலும் முதலில் திருகுகளைக் கொட்டிவிடுவாள், அதாவது x-க்குப் பூஜ்யம் போடுவாள்.

மூன்றாம் முறை எழுதிய தேர்வில் 3x − 2y + 8 = 0 வந்தது. x பூஜ்யம்; 2y = 8; y = 4. அளவுகோல் பழக்கதோஷத்தில் சுழிக்கே போனது. அதை இழுத்து நான்கில் வைத்து, சாய்வுக்கு ஏற்பத் திருப்பி, அழுத்திக் கோடு போட்டாள்.

பிரவுசிங் சென்டரில் பாஸ் என்ற முடிவைப் பார்த்து ரூத்துதான் அழுதாள். முத்துச்செல்வி அழவில்லை.

"பிரிண்ட் எடுக்கச் சொல்லுட்டீ. நாளைக்கே போயி கேக்கணும்லா."

கேட்டாள், கிடைத்தது. எடைபோடும் வேலையின் கடைசி நாளில் காலித் தட்டை வைத்தவள் உடனே பொத்தானை அழுத்தவில்லை. திரையில் நின்ற அந்த எடையை ஆசை தீரப் பார்த்துவிட்டுத்தான் அழுத்தினாள்.