முத்தையா வண்டியின் ஷாஃப்ட்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். வெள்ளைச் சேலை, மல்லிகை வாசனை, நடுச்சாமத்தில் கொலுசுச் சத்தம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். எனக்கு நடந்ததில் மல்லிகை இல்லை. மீன் கவிச்சியும் கருகிய கிரீஸ் நாற்றமும்தான் இருந்தன, அதுவும் பட்டப்பகலில், ஊரே சோறு தின்கிற நேரத்தில். நம்பினால் நம்புங்கள். நம்பவில்லையென்றால் இந்தக் கிழவனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

சுதந்திரம் வரப்போகிறது, வரப்போகிறது என்று மலாக்காவே பேசிக்கொண்டிருந்த வருடம் அது. அப்போது காஜா பேராங்கில் குடியிருந்தேன். என்னிடம் யுத்தத்துக்கு முந்திய பிக்கப் வண்டி ஒன்று இருந்தது. தோட்டத்துத் துரை ஒருவர் ஜப்பான்காரன் வந்தபோது போட்டுவிட்டு ஓடியது, நாலைந்து கை மாறி என்னிடம் வந்தது. தெங்கேராவில் மீன் ஏற்றி மார்க்கெட்டில் இறக்குவதுதான் பிழைப்பு. எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் கவிச்சி போகாது, என் பெண்டாட்டி என் தலையணையைத் தனியாகப் போட்டிருந்தாள். நாற்றத்துக்கு நான் புதிது இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், பிறகு சொல்வது புரியும்.

ஒரு நாள் தெங்கேராவில் மீன் கூடைகளோடு வரும்போது அடியில் படார் என்று சத்தம், வண்டி நின்றுவிட்டது. ஷாஃப்ட் முறிந்து தரையில் கிடக்கிறது. ஷாஃப்ட் என்றால் கியர் பெட்டியின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற நீள இரும்புத் தண்டு. அது இல்லாவிட்டால் எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் சக்கரம் திரும்பாது. உதவிக்கு ஆள் வருவதற்குள் வெயிலில் மீன் வயிறு ஊதி, கூடையிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுக ஆரம்பித்தது. அத்தனையையும் நானே குழி வெட்டிப் புதைத்தேன். மீன் தௌக்கே, அதாவது எனக்கு வேலை கொடுத்த முதலாளி, மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்தார். சனிக்கிழமைக்குள் வண்டி ஓடாவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் மூன்று பிள்ளைகள், நாலாவது வயிற்றில்.

புது ஷாஃப்ட் வாங்கலாம் என்றால் அந்த வண்டிக்குச் சாமான் வருவது நின்று வருடக் கணக்காகிவிட்டது. பழைய இரும்புக் கடைகளில் தேடலாம் என்றால் அதற்கும் ஒரு சனியன். ஜப்பான் காலத்தில் விறகு ஏற்றுவதற்காக யாரோ என் வண்டியின் சட்டத்தை வெட்டி ஒன்றரை முழம் நீட்டியிருந்தார்கள். அதனால் அதே வண்டியின் ஷாஃப்ட்டே கிடைத்தாலும் நீளம் எட்டாது. சக்கரம் தரையில் இருக்கும்போது அளந்து, கயிற்றில் முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு இரண்டு நாள் அலைந்தேன். ஒன்று குட்டையாக இருந்தது, ஒன்று நுனிப்பல் சேரவில்லை, ஒன்றில் போல்ட் துளை இடம் மாறியிருந்தது.

கடைசியில் வண்டிப் பட்டறை போர்மேன் ஆ ஹோக்கிடம் போனேன். கயிற்றைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அந்தச் சட்டத்தை நீட்டியதே தான்தான் என்று மலாய் மொழியில் சொன்னார். அப்போது ஒரே அளவில் இரண்டு வண்டி நீட்டினாராம். ஒன்று இது, இன்னொன்று டிரைவர் முத்தையாவுடையது. பழைய கடையில் பார்த்த குட்டை ஷாஃப்ட்டில் குழாயை ஒட்டவைத்து நீட்டித் தாருங்கள் என்று கேட்டேன். ஆட்டமில்லாமல் கடைந்து கொடுத்த ஆள் சிங்கப்பூர் போய்விட்டான், வேறு யார் ஒட்டினாலும் ஒரு வாரம் தாங்காது என்றார். அப்படியென்றால் முத்தையா வண்டியின் ஷாஃப்ட்டைக் கொண்டுவருகிறேன், போட்டுக் கொடுங்கள் என்றேன். அதை மட்டும் தொடமாட்டேன் என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

முத்தையா செத்த கதை எனக்கும் தெரியும். வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது என்று பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, காது கொடுத்துக் கேட்க அடியில் படுத்திருக்கிறார். தம்பி சின்னராசு மேலே உட்கார்ந்து பெடலை மிதித்திருக்கிறான். எங்கள் பக்கத்து டிரைவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அடியில் இருப்பவன் ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினால் இன்னும் மிதி, மூன்று தட்டினால் உடனே எஞ்சினை அணை. முத்தையா தட்டவே இல்லை, கள்ளைக் குடித்துவிட்டுத் தூங்கிப்போனார், கைலி முனை ஷாஃப்ட்டில் சிக்கி ஆளைச் சுற்றி இழுத்துவிட்டது என்று சின்னராசு ஊர் முழுக்கச் சொல்லியிருந்தான்.

சின்னராசு வீட்டுக்குப் பின்னால் லாலான் புல்லுக்குள் அந்த வண்டி கிடந்தது. விற்க மாட்டேன், இரவலாக எடுத்துக்கொள், வாரா வாரம் நல்ல மீன் கொடு என்றான். வெற்றிலைச் சாற்றை என் காலுக்குப் பக்கத்திலேயே துப்பிக்கொண்டு, "சாமான் நல்ல சாமான் லா, ஒன்னும் ஆவல அதுக்கு," என்றான். ஆனது அண்ணனுக்குத்தானே. ஆனாலும் கயிற்றை வைத்துப் பார்த்தேன். முடிச்சுக்கு முடிச்சு சரியாக இருந்தது.

ஷாஃப்ட்டின் முனையிலிருக்கிற ஜாயின்ட்டைப் பிரித்தபோது உள்ளே நீலக் கட்டம் போட்ட துணி, கிரீஸோடு கிரீஸாக இறுகிக் கிடந்தது. துணி மட்டும்தானா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை. சுரண்டி எடுத்து, மண்ணெண்ணெயில் மூன்று தடவை கழுவிவிட்டு மாட்டினேன். வண்டி மாற்றினாலே எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டுகிற ஆட்கள் நாங்கள். ஆனால் ஷாஃப்ட்டின் மேல் முத்தையா பழைய ஆயுத பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. பூசை போட்ட சாமான்தானே, மறுபடி எதற்கு என்று அப்படியே விட்டேன். இன்னொருவன் பொட்டு இருக்கிற வரைக்கும் அது இன்னொருவன் சாமான் என்று என் புத்தியில் உறைக்கவில்லை.

சனிக்கிழமை வண்டி ஓடியது, தௌக்கேயும் சமாதானமாகிவிட்டார். திங்கட்கிழமை மத்தியானம் மார்க்கெட்டிலிருந்து காலி வண்டியாகத் திரும்பும்போது என் காலுக்குக் கீழே டக், டக், டக். கல் அடிக்கிற மாதிரி இல்லை, நிதானமாக மூன்று. எஞ்சினை அணைத்தேன், நின்றது. குனிந்து பார்த்தேன், எதுவும் இல்லை. மறுநாளும் அதே நேரம், அதற்கு மறுநாளும். பொறுக்க முடியாமல் ஜாயின்ட்டைப் பிரித்தேன். நீலக் கட்டம் போட்ட துணி, விரல் அகலத்துக்கு, ஈரமாக இருந்தது. மீன் குடலுக்குள் கை விட்டுப் பழகியவன் நான், அன்றைக்கு வண்டிக்குப் பக்கத்திலேயே வாந்தி எடுத்தேன். எடுத்துப் போட்டால் இரண்டு நாளில் மறுபடி இருக்கும். ஏழு தடவை எடுத்தேன், பிறகு பிரித்துப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

முத்தையாவின் மனைவி அஞ்சலை மார்க்கெட் வாசலில் வடை சுட்டு விற்றுக்கொண்டிருந்தது. என்னை அண்ணன் என்று கூப்பிடும். அந்த வாரம்தான் திதி, என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். கரண்டியை எண்ணெயிலிருந்து எடுக்காமலே, "குடிச்சிட்டுப் போயி படுத்த மனுசனுக்குப் படையல் ஒன்னுதான் கேடு. ஒரு தட்டு தட்டியிருந்தா கொழுந்தன் நிறுத்தியிருப்பாருல்ல அண்ணே," என்றது. நான் வடையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் சின்னராசு மீன் வாங்க மார்க்கெட்டுக்கே வந்தான். வீட்டில் இறக்கிவிடு என்று ஏறிக்கொண்டான். மடியில் மீனை வைத்துக்கொண்டு செவுளை விரலால் நோண்டியபடியே வந்தான், அதைப் பார்க்கவே எனக்கு ஆகவில்லை. ஜாலான் பெண்டஹாரா சாலையைத் தாண்டியிருப்போம், டக், டக், டக். எனக்குப் பழகிவிட்டது, ஓட்டிக்கொண்டே போனேன். அவனுக்கு முகத்தில் ரத்தம் இல்லை. மீன் மடியிலிருந்து விழுந்தது.

"அணை. எஞ்சின அணைச்சித் தொலை."

அணைத்தேன். அவன் என்னைப் பார்க்காமல் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அன்னிக்கும் மூணுதான். கேட்டுச்சி. எப்பப் பாத்தாலும் தட்டித் தட்டி அதிகாரம் பண்ணுவான், கொஞ்ச நேரம் கெடக்கட்டுமேன்னு பீடியப் பத்த வச்சிக்கிட்டு இருந்தேன்."

ஒரு பீடி பற்றவைக்கிற நேரம். அதற்குப் பிறகு அவன் செய்ததுதான் இன்னும் அருவருப்பு. குனிந்து மீனைப் பொறுக்கி, மண்ணைத் துடைத்து, மறுபடி மடியில் வைத்துக்கொண்டான். "அஞ்சலகிட்ட வாயத் தெறந்தே, அன்னிக்கே ஷாஃப்ட்டக் கழட்டிக்கிட்டுப் போயிடுவேன். அப்புறம் வண்டிய நீ தோள்லதான் தூக்கணும்," என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தான்.

நான் வாயைத் திறக்கவில்லை. இன்று சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம் என்று தினமும் அந்த வடைச் சட்டியைத் தாண்டி ஓட்டினேன். வேறு ஷாஃப்ட் கிடைக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று என் காதில் நானே பூச்சுற்றிக்கொண்டேன். அவனைச் சீ என்று நினைப்பேன், உடனே என் கை ஸ்டியரிங்கில் இருப்பது கண்ணில் படும்.

சுதந்திர நாள் வந்தது. வண்டியைக் கழுவி, கொடி கட்டி, எங்கள் பக்கத்து ஆட்களைப் பாடாங் திடலுக்கு ஏற்றிக்கொண்டு போனேன். பின்னால் பிள்ளைகளும் பெண்களும் கத்திப் பாடிக்கொண்டு வந்தார்கள். அஞ்சலையும் புதுச் சேலை கட்டிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால், சன்னலை ஒட்டி நின்றது. வெயில் உச்சிக்கு ஏறியது. அத்தனை கூச்சலுக்கு நடுவிலும் டக், டக், டக். வேறு யாருக்கும் கேட்கவில்லை. அஞ்சலை மட்டும் குனிந்து என் காதுக்குப் பக்கத்தில் சொன்னது.

"அண்ணே, அடியில யாரோ தட்டுறாங்க. நிறுத்துங்கண்ணே."

"கல்லும்மா. ஒன்னுமில்ல."

நான் நிறுத்தவில்லை. பெடலை இன்னும் மிதித்தேன்.

இரண்டு வருடம் கழித்து வேறு வண்டி வாங்கினேன். ஷாஃப்ட்டைச் சின்னராசிடம் திருப்பிக் கொடுக்கவில்லை, தெங்கேராவில் படகில் போய்க் கடலில் போட்டேன். அஞ்சலையிடம் அப்போதும் சொல்லவில்லை. புருஷனைக் குடிகாரன் என்று திட்டிக்கொண்டேதான் அது செத்தது. படையல் கடைசிவரை போடவில்லை.

போன மாதம் பேரனோடு காரில் போனேன். இந்தக் காலத்துக் கார், எஞ்சினும் முன்னால், இழுக்கிற சக்கரமும் முன்னால். அடியில் நீள ஷாஃப்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது, அவனையே கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டேன். பேரன் கடையில் சோறு பொட்டலம் வாங்க இறங்கினான், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. என் காலுக்குக் கீழே டக், டக், டக். எக்கிச் சாவியைத் திருப்பி, உருவியும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். பழைய வண்டியில் எஞ்சினை அணைத்தால் தட்டுவது நின்றுவிடும். அன்றைக்கு நிற்கவில்லை.