எதற்குக் கோபப்படுவார்?

எங்கள் கல்லூரியில் படித்து இறந்துபோனவர்கள் அத்தனை பேரையும் எனக்குத் தெரியும். எந்த வருடம், எந்தப் பிரிவு, எந்த பெஞ்சில் தூங்கினார்கள் என்பது வரை சொல்வேன். சரி, அத்தனை பேரையும் இல்லை, பாதிப் பேரை. நான் எழுதுவதை எட்டிப் பார்க்கும் பேத்தி முறைப்பதால் இன்னும் குறைத்துக்கொள்கிறேன்: பதினேழு பேர். ஆனால் அத்தனை பேரையும் நிஜமாகவே தெரிந்துவைத்திருந்த ஒருத்தி இருந்தாள். அவள் செத்த பிறகு, அவள் பெயரைத்தான் இறந்த மாணவர் பட்டியலில் சேர்க்க மாட்டோம் என்றார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை ஒன்று இரண்டாகிவிட்டது.

அவளை எல்லாரும் பிப்பெட் என்றுதான் கூப்பிடுவோம். வேதியியல் ஆய்வகத்தில் திரவத்தை உறிஞ்சி அளக்கும் கண்ணாடிக் குழாய்க்கு அந்தப் பெயர். ஒல்லி, நெட்டை, நடுவில் மட்டும் கொஞ்சம் உப்பல். முதல் வருடம் நான் வைத்த பெயர் அது. அவள் ஓய்வு பெற்ற அன்று கல்லூரி முதல்வரே அந்தப் பெயரைச் சொல்லித்தான் மாலை போட்டார்.

நானும் அவளும் ஒரே வகுப்பு, ஆய்வகத்தில் அடுத்தடுத்த மேசை. கடைசி வருடச் செய்முறைத் தேர்வில் ஆளுக்கொரு பொட்டலம் வெள்ளைத் தூள் கொடுப்பார்கள். அது என்ன உப்பு என்று சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், சிரிப்பென்றால் என்னவென்றே தெரியாத சிடுமூஞ்சி, அவளுக்கு மட்டும் உலகத்திலேயே இல்லாத ஓர் உப்பைக் கொடுத்துவிட்டார். நான் தேறினேன். அவள் தவறினாள். அடுத்த வருடம் எழுதிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தாள். அதற்குள் அவள் அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். அதே ஆய்வகத்தில் உதவியாளர் வேலை காலியாக இருந்தது. துடைக்கிற துணியோடு உள்ளே போனவள் முப்பத்துநான்கு வருடம் கழித்துத்தான் வெளியே வந்தாள்.

அந்த முப்பத்துநான்கு வருடமும் அங்கே படித்த பிள்ளைகளுக்கு பர்னர் பற்றவைக்கவும், குடுவையைக் கீறல் விழாமல் கழுவவும், அமிலம் பட்ட கையை அலறாமல் குழாயடியில் பிடிக்கவும் கற்றுக்கொடுத்தது அவள்தான். எங்களோடு படித்தவர்களே அங்கே ஆசிரியர்களாக வந்து, "பிப்பெட், அந்தக் குடுவையை எடு" என்று ஏவினார்கள். எடுத்துக் கொடுத்தாள். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது.

"உனக்கு ரோஷமே கிடையாதாடி?"

"குடுவையை எடுக்கச் சொன்னா குடுவையை எடுக்கணும். ரோஷத்தை எடுத்தா கண்ணாடி உடையும்" என்றாள்.

பழைய மாணவர் சங்கம் வருடத்துக்கு ஒரு மலர் போடும். அதில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவுப் பக்கம். பெயர், பிரிவு, வகித்த பதவி என்று ஒரு படிவம். கடைசியில் 'சீரும் சிறப்புமாக வாழ்ந்து மறைந்தார்'. குட்டையோ நெட்டையோ, எல்லாருக்கும் ஒரே அளவுச் சட்டை. இழவு வீட்டுக்கு போன் போட்டு விவரம் கேட்க எவரும் முன்வராததால், இருபது வருடங்களுக்கு முன் அந்த வேலையையும் பிப்பெட் தலையில் கட்டினார்கள்.

அவள் முதல் காரியமாக 'வகித்த பதவி' என்பதை அடித்துவிட்டு, அதன் மேல் 'எதற்குக் கோபப்படுவார்?' என்று எழுதினாள்.

"இதென்னடி விபரீதம்?" என்று கேட்டேன்.

"சும்மா பார்த்தா எல்லா உப்பும் வெள்ளைத் தூள்தானே? நெருப்புல காட்டினாத்தான் ஒண்ணு பச்சையா எரியும், ஒண்ணு சிவப்பா எரியும். மனுஷங்களும் அப்படித்தான். சிரிக்கறப்போ எல்லாரும் ஒண்ணு. கோபம் வந்தாத்தான் யாரு என்ன நிறம்னு தெரியும்."

அப்படித்தான் எழுதினாள், ஆளுக்கு இரண்டே வரி. ஒரு வங்கி மேலாளர், சுவர்க் கடிகாரம் இரண்டு நிமிடம் பிந்தினாலும் யார் வீடென்று பார்க்காமல் நாற்காலி போட்டு ஏறிவிடுவார். ஒரு நெடுஞ்சாலைப் பொறியாளர், 'உங்க வீட்டு வாசல் குழியை எப்ப சார் மூடுவீங்க?' என்று கேட்ட நண்பரோடு பதினோரு வருடம் பேசவில்லை. போனை எடுக்கும்போது விசும்பிய மனைவிமார், வைக்கும்போது, "அதை ஏன் கேக்கறீங்க!" என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

போன மாதம் இரண்டு நாள் காய்ச்சலில் பிப்பெட் போய்விட்டாள். அவளைப் பற்றி இரண்டு வரி எழுதி எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்குப் போனேன். செயலாளர் அவளிடம் பர்னர் பற்றவைக்கக் கற்றுக்கொண்டவர்தான். காகிதத்தைப் படித்துவிட்டு என் பக்கமே நகர்த்தி வைத்தார்.

"சங்க விதி இடம் கொடுக்காது மேடம். பட்டம் வாங்கினவங்கதான் பழைய மாணவர். அவங்க வாங்கலையே."

"அப்போ மூணு வருஷம் காலேஜுக்கு அவ காத்து வாங்கவா வந்தா?"

"ஊழியர் பட்டியல்ல போடுவாங்க மேடம்."

"அதுல என்ன இருக்கும்?"

"பேரு. அப்புறம்... பணியாளர் எண்."

"நல்லது. பீரோவுக்குக்கூட ஒரு எண் ஒட்டியிருக்கீங்களே, அதுக்குப் பக்கத்துலயே இவளையும் போட்டுடுங்க."

நான் விடவில்லை.

"தம்பி, அந்த நெடுஞ்சாலைப் பொறியாளர் உங்க சொந்த அண்ணன்தானே? அவரைப் பத்தி வந்த ரெண்டு வரி ஞாபகம் இருக்கா?"

"மறக்க முடியுமா மேடம்? அண்ணி அதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்காங்க."

"எழுதினது யாரு?"

பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "நான் ஒருத்தன் முடிவு பண்ண முடியாது மேடம். பொதுக்குழு இருக்கு."

பொதுக்குழு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் பழைய வகுப்பறையிலேயே கூடியது. செயலாளர் அந்த வருடம் மறைந்தவர்களை வாசித்தார். பதினோரு பேர். மலர் அச்சுக்குப் போகும் மாதத்தில்தான் அவள் போன் போடுவாள்; இந்த வருடம் கோபம் கேட்க ஆளில்லாததால் பழைய படிவமே திரும்பி வந்திருந்தது. பதினோரு பேரும் சீரும் சிறப்புமாக வாழ்ந்து மறைந்தார்கள். பதினோரு வெள்ளைத் தூள்! பன்னிரண்டாவது பெயர் வரவில்லை. 'ஒரு நிமிடம் மௌனம்' என்றார்.

நான் மௌனமாக இருக்கவில்லை. எழுந்து மேடைக்குப் போனேன். மைக்கைத் தரவில்லை, என் தொண்டைக்கு அது தேவையுமில்லை. தேர்வாளர் கொடுத்த இல்லாத உப்பில் தொடங்கி பீரோ எண் வரைக்கும் கொட்டித் தீர்த்தேன். "உங்க வீட்டுச் சாவுக்கெல்லாம் அவ போன் பண்ணினா. அவ செத்ததுக்கு நீங்க விதிப் புத்தகத்தைத் திறக்கறீங்க. வெக்கமா இல்ல? அவளைச் சேர்க்கணும்னு நினைக்கறவங்க கையைத் தூக்குங்க!"

கைகள் எழுந்தன. முன்வரிசையில், அவளை ஏவிய பழைய ஆசிரியர்கள் முதலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர்களும் தூக்கினார்கள். கடைசியாக எழுந்தது செயலாளரின் கை. அதே கையால் படிவத்தில் 'வகித்த பதவி'யை அடித்தார்.

"சொல்லுங்க மேடம். எதுக்குக் கோபப்படுவாங்க?"

"குழாயைச் சொட்டச் சொட்ட விட்டுட்டுப் போறவங்களைக் கண்டா" என்றேன், வெற்றிக் குரலில்.

பின்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். நானே கூட்டிவந்திருந்த பிப்பெட்டின் தங்கை, தையல்காரி. கடைசிவரை அக்காவோடு ஒரே வீட்டில் இருந்தவள்.

"அது இல்ல சார். எங்க வீட்டுல குழாயைச் சரியா மூடாததே அவதான்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "உலகத்துல இல்லாத உப்பும் இல்லக்கா. அவளுது பச்சையா எரிஞ்சுது. சரியாத்தான் எழுதி வெச்சிருந்தா. பக்கத்து மேசையிலேர்ந்து நீங்க, 'அது இல்லடி, எனக்குக் கொடுத்ததுதான் உனக்கும்'னு அடிச்சுச் சொன்னீங்க. அதை நம்பி, எழுதினதை அடிச்சிட்டு உங்க உப்பை எழுதினா. சோதிச்சுப் பார்க்காம அடிச்சுச் சொல்றவங்களைக் கண்டா கோபம் வரும். இதை எழுதிக்குங்க சார்."