போகாமலே எழுதிய கரை

ஏழெட்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதம் நடந்தது இது. திருச்சியில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். வீடு தென்னூரில். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று வீட்டிலும் சொல்வார்கள், துறையிலும் சொல்வார்கள். இல்லை என்று நான் மறுத்ததும் கிடையாது.

எம்.ஏ. இரண்டாம் ஆண்டில் பிள்ளைகள் ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். வட்டார நாவல் என்றால் அதற்கென்று எங்களிடம் ஓர் அச்சு உண்டு. முதல் இயலில் ஊரின் வரலாறு, அடுத்து கதைச்சுருக்கம், அப்புறம் மண்ணும் மக்களும், கடைசியில் வட்டாரச் சொற்களின் பட்டியல். கள ஆய்வு செய்ததற்கு அத்தாட்சியாக ராஜகோபுரத்துக்கு முன்னால் நின்று எடுத்த ஒரு போட்டோ. அதோடு கள ஆய்வு முடிந்தது. அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

அந்த வருடம் என்னிடம் வந்த மாணவி ஸ்ரீரங்கத்துப் பெண். கொள்ளிடக் கரையில் சலவைத் தொழில் செய்கிற குடும்பம். அவள் எடுத்துக்கொண்டதும் ஸ்ரீரங்கத்தில் நடக்கிற ஒரு நாவல்தான். அதைப் பற்றி நான் முன்பே ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். நாவலில் ஓர் இடம் வரும். மார்கழி மாதச் சாயங்காலம், கதாநாயகி ஸ்ரீரங்கத்தின் கொள்ளிடக் கரையில் உட்கார்ந்து, ஆற்றின் எதிர்க்கரையில் சூரியன் மறைவதைப் பார்த்து அழுவாள். அவளால் போகவே முடியாத வாழ்க்கைக்குக் குறியீடு அந்த எதிர்க்கரைச் சூரியன் என்று எழுதியிருந்தேன். நிலத்தை உள்ளங்கை போல அறிந்த எழுத்து என்று வேறு புகழ்ந்திருந்தேன். வருடா வருடம் வகுப்பில் அதையே சொல்வேன், பிள்ளைகள் பரீட்சையில் அதையே எழுதுவார்கள், நானே மார்க் போடுவேன்.

இவள் நான்காவது இயலில், அந்தக் காட்சியே தப்பு என்று எழுதிக்கொண்டு வந்து நின்றாள். அடிக்குறிப்பில் என் கட்டுரையையும் குறிப்பிட்டு, அதுவும் தப்பு என்று எழுதியிருந்தாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எழுதினவருக்குத் தெரியாதது, எனக்குத் தெரியாதது, உனக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்று கத்தினேன்.

அவள் பயந்துகொண்டேதான் சொன்னாள். "இல்லம்மா, கொள்ளிடம் நமக்கு வடக்கால இருக்கு. மார்கழியில நாலு மணிக்கெல்லாம் நம்ம கரை மரத்து நிழல் மணல்ல வந்து விழுந்துடும். காயப்போட்ட துணிய ஆத்து நடுவுக்கு இழுத்துக்கிட்டுப் போவோம். சூரியன் நம்ம பக்கமாத்தாம்மா இறங்கும். ஒரு நாள் வந்து பாருங்களேன்."

"இது இலக்கியம்மா. துணி காயப்போடுற கணக்கு இல்ல!"

அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது. சலவைக்காரர் வீட்டுப் பெண் என் கட்டுரையைத் திருத்துவதா என்கிற திமிர்தான் அது. வேறு பெயர் வைத்து அதை மூடி மறைக்க நான் தயாரில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து அந்த இயல் முழுவதையும் குறுக்காக அடித்துக் கொடுத்தேன். அவள் முகம் சுண்டிப்போனது.

பத்து நாள் கழித்துப் பைண்டு செய்த ஆய்வேட்டைக் கொண்டுவந்தாள். "நீங்க சொன்ன மாதிரியே மாத்திட்டேம்மா" என்றாள், நிமிர்ந்தே பார்க்காமல். புரட்டிப் பார்த்தேன். நான்காவது இயலில் இருந்ததெல்லாம் என் வாக்கியங்கள். எதிர்க்கரைச் சூரியன், குறியீடு, உள்ளங்கை போல அறிந்த எழுத்து, எல்லாம் அப்படியே இருந்தன. "இப்பத்தான் ஆய்வு மாதிரி இருக்கு" என்று கையெழுத்துப் போட்டேன்.

ஆனாலும் அவள் நிமிர்ந்து பார்க்காதது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. எதிர்க்கரையில் சூரியன் மறைவதைப் போட்டோ எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும் என்று தோன்றியது. அன்று சாயங்காலமே பஸ் ஏறினேன். பிறந்ததிலிருந்து திருச்சிதான். கோவிலுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன், பாலத்தில் பஸ்ஸில் ஆற்றைக் கடந்திருக்கிறேன். சாயங்கால நேரத்தில் அந்தக் கரையில் இறங்கி நின்றது அதுதான் முதல் தடவை.

தண்ணீர் எங்கோ ஒரு கோடாக ஓடியது, மீதியெல்லாம் மணல். செல்போனை எதிர்க்கரைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன். துணிகளை மடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, "என்னங்க, அந்தப் பக்கமே பாத்துட்டு இருக்கீங்க?" என்று கேட்டார்.

"சூரியன் மறையறதப் படம் எடுக்க வந்தேங்க."

அவர் சிரித்துவிட்டார். "அதுக்கு இப்படித் திரும்புங்க!"

திரும்பினேன். இடது தோளுக்குப் பின்னால், நான் நின்ற கரையின் தென்னைகளுக்குள் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. மாசியிலேயே இப்படி என்றால் மார்கழியில் இன்னும் தெற்கே தள்ளித்தான் விழும். எதிர்க்கரையில் மிச்ச வெயில் மட்டும் கிடந்தது. எனக்கு மானம் போயிற்று. அடக் கடவுளே, கொள்ளிடம் கிழக்கே ஓடுகிற ஆறு, அதன் எதிர்க்கரை வடக்கே என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே! நாவலாசிரியர் கற்பனையில் எழுதிவிட்டுப் போனார், அது அவர் இஷ்டம். நிலத்தை அறிந்த எழுத்து என்று சான்றிதழ் கொடுத்த எனக்கு என்ன கேடு?

மறுநாள் துறைத்தலைவரிடம் போய் அந்த ஆய்வேட்டைத் திருப்பிக் கேட்டேன். "ரெண்டு நாள்ல அனுப்பணும் மேடம். இதையெல்லாம் யாரு படிக்கப் போறாங்க? விட்டுடுங்க" என்றார்.

"யாரும் படிக்க மாட்டாங்கன்னுதானே சார் நாம இப்படி எழுதிக்கிட்டே இருக்கோம்!" என்று அவரிடமும் எகிறினேன். அந்த ஆய்வேட்டில் அந்தப் பெண் சொந்தமாக யோசித்து எழுதியது அந்த ஓர் இயல்தான். அதைத்தான் நான் பிடுங்கிப் போட்டிருந்தேன். அவளைக் கூப்பிட்டு, பழைய இயலையே திரும்ப வைத்துப் பைண்டு செய்யச் சொன்னேன். ஏன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் வாய் திறந்து மன்னிப்புக் கேட்கவில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் நேராக அந்தப் பக்கத்தைத்தான் பிரித்தார். "வழிகாட்டியோட கட்டுரையே தப்புன்னு எழுதியிருக்காங்க. நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இதை ஏத்துக்கிறீங்களா?" என்று என்னைக் கேட்டார். அறை நிறைய மாணவர்கள் இருந்தார்கள். அவள் என்னையே பார்த்தாள்.

"தப்புதான் சார். அப்ப நான் அந்த இடத்துக்குப் போனதே இல்ல. போகாமலே எழுதிட்டேன். இப்பத்தான் ஒரு நாள் போய்ப் பாத்தேன். இந்தப் பொண்ணு எழுதினதுதான் சரி" என்றேன். காதெல்லாம் எரிந்தது. அவளுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது.

முடிந்ததும் வராந்தாவில் என்னிடம் வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன், நான் எப்பேர்ப்பட்ட ஆள்! அவள் மெதுவாகத்தான் கேட்டாள். "நான் பொறந்ததுலேருந்து அங்கதாம்மா இருக்கேன். நான் சொன்னப்ப நம்பல. நீங்க ஒரு நாள் போய்ப் பாத்தப்புறம்தான் அது உண்மையாச்சா?"

பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விட்டாள். எல்லார் முன்னாலும் தப்பை ஒப்புக்கொண்டதும் கணக்குத் தீர்ந்தது என்று நான் நினைத்திருந்தேன். சூரியன் ஒருவேளை நான் சொன்ன பக்கமே விழுந்திருந்தாலும், அன்றைக்கு அவளிடம் பேசிய பேச்சு தப்புதான் என்பது அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது, இன்றுவரை உறைத்துக்கொண்டே இருக்கிறது.