அண்ணாமலை அருணாச்சலமும் அருணாச்சலம் அண்ணாமலையும்

வருமான வரிக் கணக்கு எழுதுகிறவனைத் தேடி வருகிறவர்கள் யாரையாவது திட்டிக்கொண்டேதான் படியேறுவார்கள். அந்த யாரோ நானாக இல்லாதவரை எனக்குச் சந்தோஷம்.

பம்பாயில் கம்பெனிக் கணக்கு பார்த்தது போதும் என்று நாற்பத்தேழு வயதில் ஊர் திரும்பி, தேரடி வீதியில் ஒரு மாடி அறையில் போர்டு மாட்டினேன். இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்கள் அவை. மாசம் பிறந்தால் சம்பளம் என்கிற சுகம் இல்லாமல், கிடைத்த வேலைக்குக் கிடைத்த கூலி, அதிலும் கொஞ்சத்தை முன்னாலேயே பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கிறார்கள் என்று காலம் தள்ளுகிறவரா நீங்கள்? அப்படியானால் நாமெல்லாம் ஒரே பெஞ்சு.

பிடித்தம்

அப்படித் திட்டிக்கொண்டே படியேறி வந்த அண்ணாமலைக்குப் பக்கத்துக் கிராமமான அடி அண்ணாமலைதான் ஊர். டெலிபோன் கேபிள் புதைக்க வந்திருந்த ஒரு வடநாட்டுக் கம்பெனிக்குத் தன் பழைய ஜீப்பை ஒப்பந்தத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பில்லிலும் நூற்றுக்கு இரண்டு ரூபாய் கம்மியாக வருகிறது, அக்கவுண்டன்ட் கமிஷன் அடிக்கிறான் என்பது அவர் புகார்.

அது கமிஷன் இல்லை, உங்கள் பெயரில் அரசாங்கத்துக்குக் கட்டுகிற வரிப் பிடித்தம் என்றேன். வருஷக் கடைசியில் அதற்கு ஒரு சர்டிபிகேட் தருவார்கள், வரி வராத வருமானம் என்றால் கணக்குக் காட்டித் திரும்ப வாங்கலாம் என்றும் சொன்னேன். சர்டிபிகேட் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜீப் இன்றோ நாளையோ படுத்துவிடும். வேன் வாங்க வங்கியில் கடன் கேட்டிருந்தார். சம்பளச் சீட்டு இல்லாதவர் வருமான வரிக் கணக்காவது கொண்டுவர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இனி பில்லில் குறைவதைப் பற்றிக் கவலை இல்லை என்று எழுந்தவர், வாசலில் நின்று திரும்பினார்.

"எனக்குப் பிடிக்கவே இல்ல சார், அதுக்குப் போய் பிடித்தம்னு பேரு வெச்சிருக்காங்க பாருங்க."

குடும்பப் பெயர்

கணக்குக் காட்ட பான் எண் வேண்டும். அந்த விண்ணப்பத்தில் முதல் கட்டமே குடும்பப் பெயர். வடக்கே ஆளுக்கு ஒன்று உண்டு. நமக்கு இனிஷியலோடு சரி. உங்கள் குடும்பத்துக்கு என்ன பெயர் என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்து, ஊரில் பம்புசெட்டு வூட்டுக்காரங்க என்று சொல்வார்கள், எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அது வேண்டாம், எல்லாரும் செய்கிற மாதிரி அப்பா பெயரைப் போட்டுவிடலாம் என்று அருணாச்சலம் என எழுதப்போனேன். சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"அவரு போய்ச் சேந்துட்டாரு சார். அவரையும் எதுக்கு இதுல இழுக்கறீங்க?"

ரெண்டு ஜீப், ஒரே ஆள்

வருஷம் முடிந்தது. சர்டிபிகேட் வரவில்லை. கம்பெனியோ வேலையை முடித்துவிட்டு நெல்லூருக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தது. அண்ணாமலையைக் கூட்டிக்கொண்டு போய், எனக்குத் தெரிந்த இந்தியில் விசாரித்தேன்.

கம்பெனியில் இன்னொரு ஜீப்பும் ஓடியது. அது அண்ணாமலையின் மனைவியுடைய தம்பி அருணாச்சலத்துடையது. அவருடைய அப்பா பெயர் அண்ணாமலை. ஆகவே, கடைசியில் நான் எழுதியபடியே வந்த இவர் பான் கார்டில் அண்ணாமலை அருணாச்சலம், அவர் கார்டில் அருணாச்சலம் அண்ணாமலை. ஒரே ஆள்தான் பெயரை முன்னும் பின்னுமாக எழுதுகிறான் என்று நினைத்த அக்கவுண்டன்ட், இரண்டு பேர் வருமானத்தையும் ஒரே எண்ணில் ஏற்றி, ஒரே சர்டிபிகேட்டாக மச்சான் கையில் கொடுத்துவிட்டார். அதைத் திருப்பிக் கொண்டுவந்தால் இரண்டாகப் பிரித்துத் தருவார். ஆனால் நாளைக்குள் வேண்டும்.

சின்ன வேலைதானே என்று நான் நினைத்தேன். பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டத்தை ஏற்ற பஸ் ஸ்டாண்டில் யார் ஜீப் முன்னால் நிற்பது என்ற சண்டையில் மாமனும் மச்சானும் பேச்சை நிறுத்தி வருஷமாகிறது என்று அப்புறம்தான் தெரிந்தது.

"வேனே வேணாம் சார். அவன் வூட்டு வாசல்ல போய் நான் நிக்கமாட்டேன்."

மாமா

அன்று சாயங்காலம் நானே அருணாச்சலத்தைப் பார்க்கப் போனேன். ரெண்டு பேர் சம்பாத்தியமும் உன் தலையில் இருக்கிறது, நாளைக்குள் சர்டிபிகேட்டைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் வரியும் அங்கேதான் வந்து விழும் என்று கொஞ்சம் மிரட்டினேன். அவர் மிரளவில்லை. மாமா அனுப்பினாரா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு ஜீப்பைத் துடைக்கப் போய்விட்டார்.

மறுநாள் அண்ணாமலையை வற்புறுத்தி இழுத்துக்கொண்டு போனால், நாற்காலி மேஜையெல்லாம் லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்பே அருணாச்சலம் பிளாஸ்டிக் கவரில் சர்டிபிகேட்டோடு நின்றிருந்தார். அக்கவுண்டன்ட் லாரியிலிருந்து டைப்ரைட்டரை இறக்கி, இரண்டு சர்டிபிகேட் அடித்துக் கொடுத்தார். அருணாச்சலம் இரண்டையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு இதுதான்:

"என்னைவிட உனக்குத்தான் டிரிப்பு ஜாஸ்தி மாமா. பஸ் ஸ்டாண்டுல இனிமே நான்தான் முன்னாடி நிப்பேன், சொல்லிட்டேன்."

ஜாமீன்

கணக்குக் காட்டினோம், கடன் கிடைத்தது, வேனும் வந்து ராஜகோபுரத்துக்கு எதிரில் பூசை போட்டுக்கொண்டது. வங்கியில் ஒரே ஒரு இடத்தில்தான் தடங்கல். ஜாமீன் யார் என்று மேலாளர் கேட்டார். அண்ணாமலை அருணாச்சலம் பெருமையாகத் திரும்பி, பக்கத்தில் நின்ற அருணாச்சலம் அண்ணாமலையைக் காட்டினார். மேலாளர் இரண்டு கார்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ரொம்பப் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"கடன் வாங்கறவரே அவருக்கு அவரே ஜாமீன் போட முடியாதுங்க."

நாம் யார் என்று அரசாங்கத்துக்கு நிரூபித்து முடிப்பதற்குள் நம்மோடு பேசாமலிருந்த சொந்தக்காரர் நமக்கு யார் என்று தெரிந்துவிடுகிறது, அந்த வரவைக் காட்டத்தான் எந்தப் படிவத்திலும் இன்னும் கட்டம் போடவில்லை.