சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச்

தொரை பங்களாவில் புல் வெட்டும் சின்ன டிராக்டர் மக்கர் பண்ணுகிறது என்று எஸ்டேட் வொர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்த என்னைக் கூப்பிட்டார்கள்.

"சாவியத் திருகினா ஸ்டார்ட் ஆகுது தம்பி, பிளேடப் போட்டதும் நின்னுருது" என்றார், அதை ஓட்டும் செல்லையா அண்ணன்.

சாவி சுவிட்ச், பியூஸ், வயர் எல்லாம் சோதித்தேன். பழுதில்லை. நான் ஏறி உட்கார்ந்தால் ஓடியது. அவர் உட்கார்ந்தால் நின்றது. ஆள் எழுந்தால் எஞ்சினை நிறுத்த சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. அதை அழுத்துகிற பாரம்கூட அந்த மனிதரின் உடம்பில் இல்லை.

"தொரைகிட்ட சொல்லிறாத தம்பி, வேற ஆளப் போட்டுருவாங்க" என்று கெஞ்சினார். சுவிட்ச் அழுந்தாமலே எஞ்சின் ஓடும்படி அதன் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கிவிட்டேன்.

அடுத்த வாரம் ஈரச் சரிவில் சீட்டிலிருந்து வழுக்கி விழுந்தார். எஞ்சின் நிற்கவில்லை. வலது காலில் மூன்று விரல்கள் போயின.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும், வயரை முறுக்கியது யார் என்று தொரை விசாரித்தார். செல்லையா அண்ணன் என் பக்கம் திரும்பாமலே, "நாந்தாங்க" என்றார். வேலை போயிற்று. பக்கத்தில் கை கட்டி நின்ற நான் வாய் திறக்கவில்லை.

மறுநாள் வயரைப் பிரித்துப் பழையபடி மாட்டினேன். "நல்ல வேலை" என்றார் தொரை. அதற்கும் தலையாட்டினேன்.