வானொலி அக்கா வாயை மூடிய நாள்

எங்கள் தெருவில் பிரசவம் பார்க்கும் அக்காவுக்கு 'வானொலி' என்று பெயர் வைத்தவள் நான்தான். என் தலைச்சன் பிறந்தபோது வலி தாங்காமல், "என் தலையில இந்தாளக் கட்டின தரகர் எங்கே?" என்று கத்திவிட்டேன். இரண்டு நாளில் அந்தத் தரகரே வந்து, வாசலிலேயே தள்ளி நின்று, "நல்லா இருக்கியாம்மா?" என்று விசாரித்துவிட்டு ஓடினார். அவ்வளவு வேகமான ஒலிபரப்பு.

அப்படியும் இரண்டாவதற்கு அக்காவையே கூப்பிட்டேன். ஏன் என்று சுகாதார நிலையத்து சிஸ்டர் கேட்டார். என்னத்தைச் சொல்வது? அங்கே சுத்தம் உண்டு, மருந்து உண்டு, அவசரத்துக்கு வண்டியும் உண்டு. ஆனால் பிரசவ அறைக்குள் ஈ காக்கா நுழையக் கூடாது. கத்தினால் அதட்டல் வேறு. அக்காவோ, தெருவில் யார் யார் எப்படிக் கத்தினார்கள் என்று நடித்தே காட்டுவாள். ரொட்டிக் கடைக்காரர் மனைவி அடுப்பை அணைக்கச் சொல்லி அலறியது, டீச்சர் வலியைப் பார்த்தே "வெளிய போய் நில்லு!" என்று மிரட்டியது... சிரித்துச் சிரித்தே பாதிப் பிரசவம் முடிந்துவிடும். மானம் போவதெல்லாம் அப்புறம்தானே.

ஒருத்தி மட்டும் நிலையத்துக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அக்காவின் சொந்த மகள்!

"ரத்த அழுத்தம் ஏறியிருக்கு, அங்க போறதுதான் நல்லது" என்று அக்காவே ஒத்துக்கொண்டாள். அதோடு விட்டிருக்கலாம். "இல்லாட்டி என்கிட்டதானே பெத்திருப்ப?" என்று கேட்டுத் தொலைத்தாள்.

"மாட்டேம்மா. உன் வாய்க்குப் பயந்துதான் போறேன். நான் கத்துறத ஊரே கேக்கணுமா?"

அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. பாவமாக இருந்தது எனக்கு.

மகளுக்கு வலி வந்ததும் நானும் துணைக்குப் போனேன். கதவு சாத்தப்பட்டது. அக்கா வராண்டாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"பயத்துல உடம்ப இறுக்கிக்கிறா. நீங்க உள்ள வாங்க. ஆனா வாயே தொறக்கக் கூடாது!"

அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். கதவு ஒருக்களித்தே இருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

"அம்மா, ஏதாவது பேசேன்!"

பொத்திய வாய்க்குள்ளிருந்து "ம்ம்... ம்ம்" என்று ஒரு முனகல்தான் வந்தது.

"சிஸ்டர், அம்மாவப் பேசச் சொல்லுங்க!"

"சரி, பேசுங்க" என்றார் சிஸ்டர்.

"யார் கதைடி சொல்ல?"

"உன் கதை!"

அக்கா தயங்கினாள். "நீ பொறந்தப்ப, 'என் செருப்ப எடு, நான் வீட்டுக்குப் போறேன்'னு கத்தினேன்."

"இதுல என்ன இருக்கு?"

"படுத்திருந்ததே நம்ம வீட்லதான்."

மகள் வெடித்துச் சிரித்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எல்லோரையும் விட சிஸ்டரின் சிரிப்புதான் பலம். பிறகு அவருக்குச் சட்டம் ஞாபகம் வந்துவிட்டது. "போதும், தலை தெரியுது. நீங்க வெளிய இருங்க."

"எங்கம்மாவ வெளிய அனுப்பாதீங்க!" என்று மகள் கத்திய கத்தலில் வராண்டாவே அதிர்ந்தது. அடுத்த நிமிடம் குழந்தையின் அழுகை.

நாங்கள் தெருவுக்குத் திரும்பியபோது, பழி தீர்க்கும் ஆசையோடு ஒரு கூட்டமே காத்திருந்தது. ரொட்டிக் கடைக்காரர் மனைவிதான் முன்னால்.

"பொண்ணு பொறந்திருக்கா" என்றாள் அக்கா.

"அது இருக்கட்டும். உன் மக என்ன கத்தினா?"

"ஒண்ணும் கத்தலையே."

யாரும் நம்பவில்லை. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அக்காவும் என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"ஆமா, சத்தமே இல்ல" என்றேன்.