சொல்லக் கூடாத ஊர்

தென்காசியில் ஆவுடைத்தாய்க்கு இருந்த பெரிய தொந்தரவு அவள் புருஷனுடைய பெயர். குற்றாலிங்கம். பெற்றவர்கள் சாமியை நினைத்து வைத்தார்கள். பிற்பாடு வரப்போகிற பெண்டாட்டியை நினைக்கவில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதனால் மூன்று மைல் தள்ளியிருந்த குற்றாலத்தையும் அவளால் வாயால் சொல்ல முடியாது. ‘அருவி’ என்பாள், ‘அந்த ஊர்’ என்பாள், ரொம்ப அவசரமென்றால் மேற்கே கையைக் காட்டுவாள். 1932-இல் அவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். இனிமேல் குறைவதற்கு ஆயுசு இல்லை என்றாலும் அவள் சொல்லவில்லை. ஒரு தடவைகூடச் சொல்லாமல் காப்பாற்றியும் இப்படி ஆகிவிட்டதே என்று அவளுக்கு ஒரு கோபம் மட்டும் இருந்தது.

சொல்ல வேண்டிய இடத்தில் அவளுக்காகச் சொன்னவள் சொக்கம்மாள். இருவரும் கடையத்தில் ஒரே தெருவில் பிறந்து, ஒரே ஆவணியில் தென்காசிக்கு வாழ்க்கைப்பட்டு, அடுத்தடுத்த வீட்டுக்கு வந்தவர்கள். சொக்கம்மாளின் புருஷன் பெயர் பிச்சையா. ஆகவே அவள் வாசலில் பிச்சைக்காரன் வந்து நின்றால், “ஒரு ஆள் நிக்கான்” என்பாள். என்ன ஆள், எதற்கு நிற்கிறான் என்று மாமியார் உள்ளேயிருந்து கேட்டால், அடுத்த வீட்டிலிருந்து ஆவுடைத்தாய் சத்தம் போட்டு விவரம் சொல்லுவாள். இப்படி ஒருத்தி வாயை ஒருத்தி இரவல் வாங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டினார்கள். அவர்களுக்குள் சண்டை வந்த நாட்களிலும் இந்த ஏற்பாடு நிற்கவில்லை.

ஆவுடைத்தாய்க்கு ஒரே மகள், சண்முகசுந்தரி. பிடிவாதத்தில் தாயை உரித்து வைத்திருந்தாள். இருவரும் ஒத்துப்போகாததற்கு அதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில், குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் விற்கிற கடைக்காரருக்கு அவளைப் பேசி முடித்தார்கள். முகூர்த்த நேரத்தில் ஆவுடைத்தாய் உள்ளே இருட்டறையான அரங்கு வீட்டுக்குள், நெல் கொட்டி வைக்கிற குலுக்கைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். வெள்ளைச் சேலைக்காரி மணவறைப் பக்கம் வரக் கூடாது.

“அம்மா வந்து நின்னாத்தான் கழுத்த நீட்டுவேன்” என்று மணப்பெண் சொக்கம்மாளிடம் சொல்லி அனுப்பினாள்.

“அவ நல்லா இருக்கணும்னுதானட்டி நான் இங்கன கெடக்கேன். போயிச் சொல்லு” என்று ஆவுடைத்தாய் கதவைச் சாத்தினாள்.

சொக்கம்மாள் திரும்பிப் போய், “இந்தா வந்துக்கிட்டே இருக்கா. நீ நீட்டு” என்றாள். சண்முகசுந்தரி நீட்டினாள். தாலி ஏறியதும் நிமிர்ந்து பார்த்தாள். தாய் நிற்க வேண்டிய இடத்தில் சொக்கம்மாள் நின்றாள். அன்றைக்கு மகள் அம்மாவிடம் சொல்லிக்கொள்ளாமலே மாட்டுவண்டி ஏறினாள். சொக்கம்மாள் புளுகினதை மன்னித்துவிட்டாள். அம்மா கதவைச் சாத்தினதை மன்னிக்கவில்லை.

அதன் பிறகு இரண்டு ஊருக்கும் இடையே நடந்தது சொக்கம்மாள்தான். மகள் நாலு வார்த்தை ஏசினால் ஒன்றைக் கொண்டு வருவாள். தாய் வாயே திறக்காவிட்டால் அங்கே போய், “ஒன்ன ரொம்பக் கேட்டா” என்பாள். ஆனால் மகள் உண்டாகி, தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வர மாட்டேன் என்றபோது சொல்லியனுப்பியதை மட்டும் ஓர் எழுத்தும் மாற்றாமல் கொண்டுவந்து சேர்த்தாள். “வலி எடுத்தா ஆள் அனுப்புதேன். பிள்ளை பொறக்கதுக்குள்ள அவ வந்து என் பக்கத்துல நிக்கணும். வரலன்னா, பெறகு என்னைக்கும் வர வேண்டாம்.”

“போவோம்ட்டி. நானும் வாரேன்” என்றாள் சொக்கம்மாள். சொன்ன அந்த வாரமே, புறவாசலில் துவைக்கிற கல்லில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிப் படுக்கப் போட்டிருந்தார்கள்.

1943 ஆடி. சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. குற்றாலத்திலிருந்து பலாப்பழ வண்டியோடு ஆலங்குளம் சந்தைக்குப் போகிறவன் காலையில் வாசலில் நிறுத்தி, வலி கண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான். பிச்சையா நடவுக்குப் போயிருந்தார். ஆவுடைத்தாய் பிரசவ மருந்துக்குச் சுக்கும் காயமும், பழந்துணியும் கட்டிய மூட்டையோடு சொக்கம்மாள் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“நடந்தா மூட்டை நனைஞ்சு போகும். பஸ்ஸுல போ” என்றாள் சொக்கம்மாள். “ஊர் பேரு கேப்பானே, என்ன செய்வ?”

“கையக் காட்டுவேன்.”

யுத்த காலம். பெட்ரோல் கிடையாது, முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு பஸ்கள் புகைந்து நின்றன. எங்கே போகணும் என்று ஒரு கண்டக்டர் கேட்டான். ஆவுடைத்தாய் மேற்கே கையைக் காட்டினாள். மேற்கே வெற்றிலைக் கடை இருந்தது. “அருவிக்கு” என்றாள். தென்காசிக்காரனாக இருந்தால் புரிந்திருக்கும். அவன் அம்பாசமுத்திரத்துக்காரன், அவனுக்குத் தெரிந்த அருவி பாபநாசத்தில் விழுந்தது. “ஏறுங்க ஆச்சி” என்று மூட்டையை வாங்கி உள்ளே வைத்தான்.

மழைக்காகப் படுதாவை இறக்கிவிட்டிருந்தார்கள். எந்தத் திசை என்று தெரியவில்லை. மூன்று மைல் இவ்வளவு நீளமா என்று அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. கரி பஸ் அப்படித்தான் போகும்போல என்று சமாதானம் செய்துகொண்டாள். படுதாவைத் தூக்கினபோது எதிரே தான் பிறந்த தெரு தெரிந்தது. கடையம். நடந்திருந்தால் இந்நேரம் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

இறங்கி ரோட்டோரம் நின்று அழுதாள். நேரம் உச்சியைத் தாண்டியது. பாபநாசத்திலிருந்து குற்றாலம் வழியாகச் செங்கோட்டை போகிற பஸ் ஒன்று புகைந்துகொண்டு வந்தது. தென்காசி என்று சொல்லி இறங்கி, அங்கிருந்து நடக்க இனி நேரமில்லை.

“எங்க போணும்?”

“அருவிக்கு.”

“அருவியிலேருந்துதான ஆச்சி வாரோம்! அந்தப் பஸ்ஸு பின்னால வரும்” என்று கண்டக்டர் மணியை இழுத்தான். பஸ் நகர்ந்தது. ஆவுடைத்தாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூட ஓடினாள்.

“குத்தாலம்!” என்று கத்தினாள். “குத்தாலம்! குத்தாலம்! எங்க வீட்டு ஆளு பேரு குத்தாலிங்கம், அந்த ஊருய்யா!”

பஸ் நின்றது. உள்ளே யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான்.

எண்ணெய்க் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டை அவள் அடைந்தபோது பிள்ளை பிறந்திருந்தது. பெண். சண்முகசுந்தரி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள்.

“எங்க போயிருந்த?”

“கடையத்துக்கு.”

“கடையத்துல என்ன வேல?”

“பஸ்ஸு அங்கன போச்சு.”

மகள் மெதுவாகத் திரும்பினாள். “சொக்குச் சித்தி வரலையா? பெறகு இங்க வர எப்படிக் கேட்ட?”

“கேட்டேன்.”

“அப்பா பேரச் சொன்னியா?”

“கத்தினேன்” என்றாள் ஆவுடைத்தாய். “ஊர் பேரு, அவுக பேரு, எல்லாத்தையும் கத்திட்டேன். அப்படியும் ஒனக்குப் பிந்திட்டேன்.”

சண்முகசுந்தரி வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. “சேலைய மாத்து, நனைஞ்சிருக்கு” என்றாள்.

தீட்டுக் கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை வில்வண்டி தென்காசிக்கு வந்தது. சண்முகசுந்தரி பிள்ளையோடு இறங்கி வாசலில் நின்றாள். கல்யாணத்துக்குப் பிறகு இப்போதுதான் இந்த வீட்டுக்கு வருகிறாள். ஆவுடைத்தாய் ஆலத்தி கரைத்துத் தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு, பழக்கம்போல அரங்கு வீட்டுப் பக்கம் நடந்தாள். சிம்பு அவிழ்க்காத காலோடு சொக்கம்மாள் தன் வாசலில் கட்டிலைப் போடச் சொல்லிப் படுத்திருந்தாள்.

“சித்தியால எந்திரிக்க முடியாது” என்றாள் மகள். “நீ வந்து ஆலத்தி எடு.”

“நான் எடுக்கக் கூடாது. பிள்ளைக்கு ஆகாது.”

“அப்பா பேரும்தான் சொல்லக் கூடாது.”

ஆவுடைத்தாய் நின்றுவிட்டாள். தெருவில் இரண்டு வீட்டுக் கதவு திறந்திருந்தது. மகள் படியேறுகிற மாதிரி இல்லை; பிள்ளைக்கு வெயில் படாமல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு அங்கேயே நின்றாள்.

“எடுட்டி!” என்று கட்டிலிலிருந்து சொக்கம்மாள் கத்தினாள். “இன்னும் எத்தன நாளைக்கு ஒன் எடத்துல நானே நிப்பேன்?”

ஆவுடைத்தாய் திரும்பி வந்து தட்டை எடுத்தாள். தட்டு சாய்ந்து, பாதி ஆலத்தி படியிலேயே கொட்டிவிட்டது. மீதியைச் சுற்றினாள்.